முப்பதாயிரம் பேரின்ர கண்ணூறு

உங்கட வீட்டு வாசல்ல ஒரு நாப்பது பேர் வந்து நிண்டு, உங்கட கதவையும் யன்னலையுமே பாத்துக்கொண்டிருந்தா உங்களுக்கு எப்பிடி இருக்கும்? சண்டைக்கு வந்த ஆக்களில்லை. நல்ல சந்தோசமாத்தான் நிக்கினம். கழுத்தில மஞ்சளும் கறுப்புமா ஸ்காஃப், கையில சிப்ஸ் பொட்டலம், வாயில பாட்டு. கதவு அசைஞ்சா கை தட்டுகினம். நீங்கள் குப்பைப் பை வைக்க வெளியில வந்தா உங்களுக்கும் சேத்துத் தட்டுகினம்.

அந்தக் கைதட்டலைக் கேட்டா தவநாயகி அதில நிக்கமாட்டா. பையை மதிலோட வைச்சுப்போட்டு, சிரிக்கிற மாதிரி ஒருக்கா முகத்தை வைச்சுக்கொண்டு, உள்ளை ஓடிவந்து ரெண்டு பூட்டும் போடுவா. பிறகு படியடியில நிண்டு மேல பாத்து, "ஒண்டுமில்லையடா, சும்மா பொடியள்தான்" எண்டு மெல்லமாச் சொல்லுவா. மேலயிருந்து பதில் வராது. பதில் சொல்லக்கூடாதெண்டு சொல்லி வைச்சதும் அவதான்.

இது எண்பத்தொன்பதாம் ஆண்டு மாசி மாசம் நடந்தது. லண்டனில, எட்மண்டன் பக்கம் வரிசையா ஒட்டிக் கட்டின வீடுகளில ஒண்டில தவநாயகியும் புருசன் யோகராஜாவும் இருந்தவை. பிள்ளையள் இல்லை. மேல மூண்டு அறை. ஒண்டு அவையின்ர. பின் அறையில இருந்தவனைப் பாக்கத்தான் சனம் வந்து நிண்டது. முன் பக்கத்துச் சின்ன அறையில இருந்தவனைச் சனம் கண்டிடக்கூடாது.

பின் அறையில இருந்தவன் கொஜோ அசாரே. கானா நாட்டுக்காரன், இருவத்திரண்டு வயசு. லீ வாலி ரோவர்ஸ் எண்ட கிளப்புக்கு முன்னுக்கு நிண்டு கோல் அடிக்கிறவன். முன் அறையில இருந்தது தவநாயகியின்ர தம்பி சிவானந்தன்.

கொஜோ இந்த வீட்டுக்கு வந்ததுக்குக் காரணம் மீன்குழம்பு. தவநாயகி அந்தக் கிளப் பொடியள் பழகிற மைதானத்தில, சாப்பாட்டுக்கூடத்தில கோப்பை கழுவுற வேலை. அங்க அவிச்ச உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி, உறைப்புப் புளிப்பு ஒண்டுமில்லாத கோழி. எல்லாரும் வழிச்சுச் சாப்பிட்டிட்டுப் போவினம். ஒரு நெட்டைக் கறுத்தப் பொடியன் மட்டும் சாப்பாட்டுக் கோப்பையை அப்பிடியே கொண்டுவந்து, தலையைக் குனிஞ்சு மன்னிப்புக் கேட்டு வைச்சிட்டுப் போவான். கொஞ்ச நாள் பாத்துக்கொண்டிருந்தா. ஒரு நாள் மனம் கேக்காமல் தன்ர சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அவனுக்கு முன்னால தள்ளிவிட்டா. அவன் கையாலதான் சாப்பிட்டான். கண்ணால மூக்கால தண்ணி ஓடுது, ஆள் நிப்பாட்டுறானில்லை. குமாசியில தன்ர தாயும் இப்பிடித்தான் உறைப்பாச் சமைக்கிறவ எண்டு சொன்னான்.

பொடியளுக்கு வீடு ஒழுங்குபடுத்துற கிளப் மனிசன் இதைக் கேள்விப்பட்டு, உங்கட வீட்டில ஒரு அறை இருக்கோ எண்டு கேட்டார். கொஜோ தங்கியிருந்த வெள்ளைக்கார மனிசியின்ர வீட்டில அவன் சாப்பிடாமல் மெலிஞ்சுகொண்டு போறானாம். தவநாயகி ரெண்டு நாள் யோசிச்சா. யோகராஜா யோசிக்கேல்லை. அவர் இளந்தாரி வயசில ஊரில பந்தடிச்ச ஆள். உண்மையான ஃபுட்போல்காரன் ஒருத்தன் வீட்டை வந்து இருக்கப்போறான் எண்டோண்ண, அண்டைக்கே அறைக்குப் பெயின்ற் அடிக்கத் தொடங்கியிட்டார்.

அப்ப கொஜோவை ஒருத்தருக்கும் தெரியாது. பஸ்சில போய் பஸ்சில வருவான். தவநாயகியோட மரக்கறிக்கடைக்குப் போய்ப் பை தூக்குவான். ஒருத்தரும் திரும்பிப் பாக்கிறதில்லை.

ஐப்பசியில சிவானந்தன் வந்தான். அதுவரைக்கும் டூட்டிங்கில கூட்டாளிமாரோட இருந்தவன். அவன்ர அகதிக் கேஸை மறுத்துப்போட்டாங்கள். அப்பீலும் போச்சு. திருப்பி அனுப்பிறதுக்கு வரச்சொன்ன நாளில அவன் போகேல்லை. ஒரு பின்னேரம் சின்னப் பை ஒண்டோட எட்மண்டனுக்கு வந்து, "அக்கா, கொஞ்ச நாளைக்கு" எண்டான். தவநாயகி முன் அறையில அடுக்கியிருந்த பெட்டியளை ஒதுக்கி மெத்தை ஒண்டு விரிச்சுவிட்டா. ஊரில ரெண்டு தரம் ஆமி பிடிச்சு வைச்சிருந்தவன். மூண்டாந்தரம் பிடிச்சா விடமாட்டாங்கள் எண்டு அவவுக்குத் தெரியும். இந்த வீட்டு விலாசத்தை அவன் ஒரு இடத்திலயும் குடுக்கேல்லை. அது ஒண்டுதான் அவவின்ர தைரியம்.

கொஜோவுக்கு ஒளிச்சு வைக்க ஏலாது, ஒரே வீடு. ஒரு நாள் தவநாயகி தனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில விசயத்தைச் சொன்னா. அவன் கேட்டுக்கொண்டிருந்திட்டு, சின்னனில தாங்கள் லாகோசில இருந்தனாங்கள் எண்டும், கானாக்காரர் எல்லாரும் ரெண்டு கிழமையில வெளியேறவேணும் எண்டு நைஜீரியா அரசாங்கம் சொல்ல, தகப்பன் தன்னைத் தோளில தூக்கிக்கொண்டு லொறியில ஏறினவர் எண்டும் சொன்னான். எந்த வருசம் எண்டு யோகராஜா கேட்டார். எண்பத்துமூண்டு எண்டான். பதினாறு வயசுப் பொடியனைத் தோளில தூக்கினதோ எண்டு யோகராஜா பகிடி விட, சன நெரிசலுக்கை தன்ர கால் முறிஞ்சு கிடந்தது எண்டு கொஜோ சொன்னான். அதே எண்பத்துமூண்டிலதான் தவநாயகியும் யோகராஜாவும் வெள்ளவத்தையில எரிஞ்ச வீட்டை விட்டிட்டு வந்தவை. தவநாயகி எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டா.

அண்டையிலயிருந்து நாலு பேரும் குசினி மேசையில முந்நூத்திநாலு எண்ட சீட்டாட்டம் விளையாடத் தொடங்கிச்சினம். கொஜோ துரும்பை ஒளிக்கக் கெதியாப் பழகியிட்டான். சிவானந்தன் அக்கா எண்டு கூப்பிடுறதைக் கேட்டுக் கேட்டு அவனும் தவநாயகியை அக்கா எண்டே கூப்பிட்டான். அந்த மார்கழி மாசம் அவ வடிவா நித்திரை கொண்டவ.

தை மாசம் கப் போட்டி வந்தது. லீ வாலி ரெண்டாம் டிவிசன் கிளப். பெரிய கிளப் ஒண்டோட விளையாட வேண்டி வந்தது. தோக்கிற மட்சுதானே எண்டு கடைசி நேரத்தில கொஜோவை இறக்கினவை. அவன் ரெண்டு கோல் அடிச்சான். ரெண்டாவதுக்குப் பாதி மைதானத்தை ஓடி, மூண்டு பேரை வெட்டிப்போட்டு, கோலியையும் விழுத்திப்போட்டுப் பந்தோடயே உள்ளை போனான். அடுத்த சுற்றிலயும் அவன்தான். அதோட ஊர் மாறிப்போச்சு. பேப்பரில படம், ரிவியில படம். தவநாயகி பஸ்சில போனா முன் சீற்றிலயும் கொஜோ கதை, பின் சீற்றிலயும் கொஜோ கதை. அவன் வந்த புதுசில அதே மைதானத்தில குரங்கு மாதிரிச் சத்தம் போட்டவங்கள் இப்ப அவன்ர பேரை நீட்டி நீட்டிப் பாடுறாங்கள். உனக்குக் கோவம் வரேல்லையோ எண்டு அவ கேட்டா. கோல் அடிக்கிறமட்டும்தான் பாட்டு, நிண்டா பழைய சத்தம் வந்திடும் எண்டு அவன் சிரிச்சான்.

வீட்டை ஆர் காட்டிக்குடுத்தது எண்டு தவநாயகி விசாரிச்சா. கனதூரம் தேட வேண்டி இருக்கேல்லை. யோகராஜா பெற்றோல் ஸ்ரேசனில காசாளர். மஞ்சள் கறுப்பு ஸ்காஃபோட எவன் வந்து நிண்டாலும், மிச்சக் காசோட சேத்து அந்தச் செய்தியையும் குடுத்து விட்டிருக்கிறார்.

"உங்கட வாயை ஒருக்காப் பொத்தேலாதோ?" எண்டு கேட்டா தவநாயகி. "மேல ஒருத்தன் மூச்சு விடப் பயந்துகொண்டு கிடக்கிறான். நீங்கள் றோட்டில போறவனெல்லாத்தையும் கூப்பிட்டு வாசல்ல நிப்பாட்டுறியள்."

"அவங்கள் கொஜோவைப் பாக்கத்தானேயப்பா வாறாங்கள். உன்ர தம்பியையோ பாக்க வாறாங்கள்?"

"கண் இருக்கிறவன் எல்லாத்தையும்தான் பாப்பான்."

யோகராஜா பிறகு வேலையிடத்தில வாய் திறக்கேல்லை. ஆனா விலாசம் போனது போனதுதான்.

வெள்ளைக்காரப் பொடியளோட நிண்டிருந்தாலும் பறவாயில்லை. எங்கட ஆக்களும் வரத் தொடங்கிச்சினம். வருசக்கணக்கா ரெலிபோன் கூட எடுக்காதவை, மனோர் பார்க்கில முருகன் கோயிலடியில கண்டாலும் மற்றப்பக்கம் பாத்துக்கொண்டு போறவை, வடைப் பார்சலோடயும் கமராவோடயும் வந்து பெல் அடிச்சினம். ஞானரட்ணம் எண்டு யோகராஜாவின்ர பழைய கூட்டாளி ஒருத்தர், குடும்பத்தோட வந்து, கொஜோவைச் சோபாவில நடுவில இருத்தி, ஒரு பக்கம் மனிசி, மற்றப்பக்கம் தான் எண்டு இருந்து மாறி மாறிப் படம் எடுத்தார். எடுத்து முடிய, "மேல ஆரோ நடக்கிற சத்தம் கேக்குது, ஆர் தங்கச்சி?" எண்டு தவநாயகியைக் கேட்டார். தண்ணிக் குழாய் சத்தம் போடுறது எண்டு அவ சொன்னா. சொல்லிப்போட்டு அவரின்ர கோப்பையில இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்தினா.

ஒவ்வொரு பெல்லுக்கும் சிவானந்தன் படி ஏறி முன் அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்தவேணும். அந்த அறை யன்னல் சரியா வாசலுக்கு மேல. மெல்லிசு வெள்ளைச் சீலை ஒண்டு தொங்கினது. ஒரு நாள் அவன் நிலத்தில இருந்து எழும்பேக்க அந்தச் சீலை அசைஞ்சது. கீழ நிண்ட கூட்டம் முழுக்க, கொஜோதான் பாக்கிறான் எண்டு நினைச்சுக் கத்திச்சுது, பாடிச்சுது, கை காட்டச் சொல்லிச்சுது. சிவானந்தன் அப்பிடியே நிலத்தில படுத்திட்டான். இருட்டுமட்டும் எழும்பேல்லை. தவநாயகி சாப்பாடு கொண்டுபோக, அவன் கூரையைப் பாத்தபடி, "அக்கா, இவங்கள் பாடுறது எனக்கு இப்ப பாடமாயிட்டுது" எண்டான். பகிடிக்குத்தான் சொன்னவன். அவவுக்குச் சிரிப்பு வரேல்லை. சீலையின்ர கீழ் விளிம்பை யன்னல் கட்டையோட குண்டூசியால குத்தி விட்டா.

அவனை வேற இடத்துக்கு மாத்துவம் எண்டு பாத்தா, வாசல்ல எந்த நேரமும் சனம். பின்பக்கம் அடுத்த தெருக்காரரின்ர உயரமான மதில். கொஜோவும், தான் வேற இடத்துக்குப் போறன் அக்கா, சனமும் என்னோட வந்திடும் எண்டு சொன்னான். அவவுக்கு அதுதான் சரியெண்டு பட்டது. ஆனா அடுத்த கப் மட்சு முடியுமட்டும் ஒண்டையும் மாத்தக்கூடாது, பொடியன் நல்லாச் சாப்பிட்டு நல்லா அடிக்கிறான் எண்டு கிளப்பில சொல்லிப்போட்டினம். அந்தச் சனிக்கிழமை வரைக்கும் பொறுத்தாக் காணும் எண்டு தவநாயகி மனசைத் தேத்திக்கொண்டா.

புதன்கிழமை கொஜோ நொண்டிக்கொண்டு வந்தான். கணுக்கால் வீங்கிப்போய் இருந்தது. ஒருத்தரும் இடிக்கேல்லையாம், தடக்கேல்லையாம், சும்மா ஓடேக்க மடங்கினதாம். டொக்டர் ஐஸ் வைச்சுக் கட்டி விட்டிருந்தார். வியாழக்கிழமையும் வீக்கம் வத்தேல்லை. தவநாயகிக்கு விளங்கியிட்டுது. ஒருத்தரும் தொடாமல் ஒரு கால் அப்பிடி மடங்கிறதெண்டா அது கண்ணூறுதான். இவ்வளவு சனம் வாசல்ல நிண்டு பாக்குது. சனிக்கிழமையில மைதானத்தில முப்பதாயிரம் பேர் அவன்ர காலையே பாக்குது. படாமல் இருக்குமோ?

இதில அவவுக்கு இன்னொரு பயமும் இருந்தது. கால் சுகமாகாமல் மட்சு விளையாடாட்டி, சனம் இன்னும் கூடத்தான் வரும். பேப்பர்காரரும் வருவாங்கள். அவன் வீட்டிலயே கிடப்பான், அவங்கள் வாசல்லயே கிடப்பாங்கள். விளையாடி முடிஞ்சாத்தான் அவன் வேற வீட்டுக்குப் போவான், சிவானந்தனுக்கு மூச்சு வரும். கொஜோவின்ர கணுக்காலில தன்ர தம்பி தொங்கிக்கொண்டிருக்கிறான் எண்டுதான் அவவுக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் யோகராஜா வேலைக்குப் போன பிறகு அவ ஆயத்தப்படுத்தினா. கண்ணூறு கழிக்கச் செத்தல் மிளகாய் வேணும், உப்பு வேணும், பாத்த ஆக்களின்ர காலடி மண் வேணும். மண்ணுக்கு ஒரு கரண்டியோட வெளியில வந்தா. சனம் கை தட்டிச்சுது. நடைபாதை முழுக்கக் கொங்கிறீற். அதில நிண்ட ஒரு மரத்தடியில குனிஞ்சு, நாலைஞ்சு சப்பாத்துக்களை விலக்கச் சொல்லி, ஒரு கரண்டி மண் சுரண்டினா. மஞ்சள் தொப்பி போட்ட ஒரு தடியன், கொஜோவுக்கு இண்டைக்கு இதுதானோ சாப்பாடு எண்டு கேக்க எல்லாரும் சிரிச்சினம். கழுத்தில கமரா தொங்கின ஒருத்தன் அதையும் படம் எடுத்தான்.

குசினியில கொஜோவைக் கதிரையில இருத்தினா. விசயத்தைச் சொன்னோண்ண அவன் மறுக்கேல்லை. தங்கட ஊரிலயும் கண் படும், அதுக்கு வேற மாதிரிச் செய்வினம் எண்டு சொல்லிப்போட்டு, நல்ல பிள்ளை மாதிரி காலை நீட்டிக்கொண்டு இருந்தான். சிவானந்தன் மேல அறையில கதவைச் சாத்திக்கொண்டு இருந்தான். நான் வந்து தட்டுமட்டும் திறக்கக்கூடாது எண்டு அவ சொல்லியிருந்தா. கமராக்காரன் வாசல்ல நிண்டதால அண்டைக்கு இன்னும் இறுக்கமாச் சொன்னவ.

அளவிலதான் பிழைச்சது. ஊரில ஒரு ஆளின்ர கண்ணூறுக்கு மூண்டு மிளகாய் காணும். ஒரு சபையின்ர கண்ணூறுக்கு ஒரு கைப்பிடி. முப்பதாயிரம் பேரின்ர கண்ணூறுக்கு எவ்வளவு போடுறது எண்டு அவவுக்கு ஆரும் சொல்லித் தரேல்லை. ஒரு கைப்பிடி அள்ளினா. காணாது எண்டு பட்டுது. இன்னொண்டு அள்ளினா. கடைசியில டூட்டிங் கடையில வாங்கின பையைத் திறந்து முழுக்கப் பெரிய தாச்சிக்குள்ளை கொட்டினா. உப்பும் அப்பிடித்தான். தாச்சியைத் தூக்க ஏலாமல் தூக்கி அவன்ர தலையைச் சுத்தி மூண்டு தரம், கணுக்காலைச் சுத்தி மூண்டு தரம் சுத்தினா. துப்பச் சொன்னா, துப்பினான். கொண்டுபோய்க் காஸ் அடுப்பில வைச்சு நெருப்பை முழுக்கக் கூட்டிவிட்டா.

மாசிக் குளிர். யன்னல் கதவெல்லாம் இறுக்கச் சாத்தியிருந்தது. கொஞ்ச நேரம் ஒண்டுமில்லை. பிறகு அடி மிளகாய் கருகினது, புகை எழும்பினது, அவ அடுப்பை நிப்பாட்ட முன்னம் தாச்சி பக்கெண்டு பத்தியிட்டுது. நெருப்பு எழும்பி யன்னலில தொங்கின பிளாஸ்ரிக் மறைப்பைப் பிடிச்சது. அதுதான் கறுப்புப் புகை. மிளகாய் நெடியில கண் திறக்க ஏலாது, மூச்சு எடுக்க ஏலாது. கொஜோ ஒற்றைக் காலில எழும்பி அவவைத் தோளோட அணைச்சு இழுத்துக்கொண்டு முன்கதவால வெளியில வந்திட்டான். கொஜோவைக் கண்டோண்ண சனம் ஒருக்காக் கூச்சல் போட்டுது. அடுத்த நிமிசம் எல்லாரும் இருமத் தொடங்கிச்சினம். கொஜோ திரும்பி உள்ளை போகப் பாத்தான், வாசலை அடைச்சு வந்த புகை விடேல்லை. பக்கத்து வீட்டுக்காரி ஏற்கனவே ரெலிபோன் அடிச்சிட்டா. ஃபயர் பிரிகேட் வரக் கனநேரம் எடுக்கேல்லை.

மூச்சு மூடி போட்ட ரெண்டு பேர் உள்ளை ஓடிப்போச்சினம். பெரியவர் மாதிரி ஒருத்தர் தவநாயகிக்குக் கிட்ட வந்து, உள்ளுக்கை வேற ஆராவது இருக்கினமோ எண்டு கேட்டார்.

தவநாயகி வாயைத் திறந்தா. சுத்திவர நாப்பது பேர். கமராக்காரன் ரெண்டடி தள்ளி நிக்கிறான்.

"ஒருத்தரும் இல்லை" எண்டா.

அவர் திரும்பினார். கொஜோ அவவின்ர கையைப் பிடிச்சான். "அக்கா" எண்டான், அவ்வளவுதான்.

அவ மேல பாத்தா. குண்டூசி குத்தின சீலை அசையாமல் நிண்டது. அதுக்குப் பின்னால கண்ணாடி முழுக்கக் கறுப்பு. அவன் தட்டுறானில்லை, யன்னலைத் திறக்கிறானில்லை. நான் தட்டுமட்டும் திறக்காதை எண்டு சொன்னவ தான்தான் எண்டது அப்பதான் அவவுக்கு உறைச்சது.

"மேல" எண்டா. "முன் அறை. என்ர தம்பி. என்ர தம்பி உள்ளை."

தமிழிலதான் சொன்னா. ஆனா கை காட்டின இடம் அவைக்கு விளங்கியிட்டுது.

தோளில போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தினம். முகம் முழுக்கக் கரி, கண்ணும் மூக்கும் ஒழுகுது. உயிர் இருந்தது. சனம் கை தட்டிச்சுது, அந்த மஞ்சள் தொப்பித் தடியன் அழுதான் கூட. மதிலில இருத்தி மூக்கில காத்து மூடி ஒண்டு வைச்சினம். கொஞ்சம் தெளிஞ்ச பிறகு, அந்தப் பெரியவர் குனிஞ்சு, ஆளைப் பயங்காட்டாமல், உன்ர பேர் என்ன மகன் எண்டு கேட்டார். இருமிறவனோட கதை குடுக்கத்தான் கேட்டவர்.

சிவானந்தன் கண்ணைத் திறந்தான். முன்னால தொப்பியும் யூனிஃபோமும். அவன் மூக்கு மூடியைக் கழட்டிப்போட்டு, எழும்பி, ரெண்டு கையையும் பக்கத்தில நேரா வைச்சுக்கொண்டு நிண்டான். ஊரில ஆமிச் சென்றிப் பொயின்ற் எல்லாத்திலயும் சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகினது அப்பிடியே வந்திட்டுது.

"பொன்னுத்துரை சிவானந்தன், சேர். தகப்பன் பேர் வல்லிபுரம் பொன்னுத்துரை. ஊர் கரவெட்டி, சேர்."

பிறந்த திகதி சொன்னான். அடையாள அட்டை நம்பர் சொன்னான். இருந்திரு மகன், இருந்திரு எண்டு அந்தாள் தோளில கை வைக்க வைக்க, அவன் நிண்டபடி சொல்லி முடிச்சான். கமராக்காரனோட வந்த பேப்பர்காரன் ஒருத்தன், எழுத்தைக் கூட்டிச் சொல்லச் சொல்லிக் கேட்டான். சிவானந்தன் அவனுக்கும் சேர் போட்டு எழுத்தெழுத்தாச் சொன்னான்.

தவநாயகி ஓடிவர, கொஜோ முந்தியிட்டான். நொண்டி நொண்டி வந்து, தன்ர பெரிய கோட்டைக் கழட்டிச் சிவானந்தனை மூடி, தான் அவனுக்கு முன்னால நிண்டான். மறைக்கத்தான் நிண்டவன். ஆனா கொஜோ போற இடத்துக்குத்தானே கமராவும் போகும். அதுவரைக்கும் சும்மா நிண்டவனும் பையுக்குள்ளை இருந்த கமராவை எடுத்தான். கொஜோ கை நீட்டி, என்னை எடுங்கோ, என்ர காலை எடுங்கோ எண்டு கணுக்கால் கட்டைக் காட்டினான். எல்லாத்தையும் எடுத்தாங்கள். கொஜோவையும் எடுத்தாங்கள், அவன்ர தோளுக்கு மேலால தெரிஞ்ச முகத்தையும் எடுத்தாங்கள்.

குசினிச் சுவரும் யன்னலும்தான் எரிஞ்சது. மற்றதெல்லாம் புகை. யோகராஜா வேலையால ஓடிவந்து, நிலைமையைப் பாத்து, ஞானரட்ணத்துக்கு ரெலிபோன் எடுத்தார். கார் இருந்த கூட்டாளி அவர்தான். விசயத்தைக் கேட்டு ஞானரட்ணம் தண்ணிக் குழாயைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. இப்பவே வரட்டோ எண்டு கேட்டார். வாசல்ல சனம் முந்தியிலும் பாக்கக் கூட நிண்டது, எரிஞ்ச வீட்டைப் பாக்கவும் ஆக்கள் வந்தினம். அதுக்கை சிவானந்தனைக் கூட்டிக்கொண்டு போக ஏலாது. ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டன் எண்டவன், நெஞ்சில புகை அடைச்சு இருமிக்கொண்டே கிடந்தான். காலமை, சனம் வர முன்னம், ஒன்பது மணிக்கு வாங்கோ எண்டு யோகராஜா சொன்னார்.

தவநாயகி சிவானந்தனுக்குப் பக்கத்தில இருந்தா. நான் சொல்லியிருக்கக்கூடாதடா எண்டு அவ தொடங்க, அவன் இடைமறிச்சு, நீங்கள் சொல்லாட்டி நான் இப்ப இல்லையக்கா எண்டான். பேரை ஏனடா அவ்வளவும் சொன்னனீ எண்டு அவ கேக்கேல்லை. அவனாத்தான் சொன்னான், யூனிஃபோமைக் கண்டா நான் நிப்பாட்ட நினைச்சாலும் நிப்பாட்ட ஏலாது எண்டு. கொஜோ கதவடியில நிலத்தில இருந்து அவையின்ர முகங்களை மாறி மாறிப் பாத்துக்கொண்டிருந்தான். தமிழ் விளங்காட்டிலும் அவன் எழும்பிப் போகேல்லை.

அடுத்த நாள் காலமை பேப்பரில படம் வந்தது. சிவானந்தனின்ர பேரை ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் போட்டிருந்தாங்கள். எட்டு மணிக்கு ரெண்டு பொலிஸ்காரர் வந்து பெல் அடிச்சினம். யோகராஜா கதவைத் திறந்தார். சிவானந்தன் உடுப்பு மாத்துமட்டும் அவை கீழ ஹோலில நிண்டினம். கொஜோ படியால இறங்கி வந்தான், கணுக்கால் வீக்கம் வத்தியிருந்தது. ரெண்டு பேரில இளைய பொலிஸ்காரர் தன்ர மகனுக்கு ஒரு கையெழுத்துக் கேட்டார். கொஜோ போட்டுக் குடுத்தான். இண்டைக்கு ஒரு கோல் அடிக்கவேணும் எண்டு அவர் சொன்னார். பிறகு சிவானந்தனைக் கூட்டிக்கொண்டு போச்சினம்.